கையும் கருவியும்

புதுவை நகரின் தென்பால் உப்பளம் என்றொரு பகுதி உண்டு. இன்று அங்கே விளையாட்டரங்கம் இருக்கின்றது, துறைமுகம் இருக்கின்றது, ஊர்ப்பெயர் மட்டும் பழந்தொழிலை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதிகளில் உப்பெடுத்தலை நிறுத்துவதென 1818-இல் அவர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4,000 வராகன் கொடுக்க ஆங்கிலேயர் இசைந்தனர். அத்தொகை உப்பளம் உடையவர்களுக்கு உரியது. பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலில் நின்று உப்பை வாரிக் குவித்த தொழிலாளியோ வேறு தொழிலை எங்கே சென்று கற்பான்?

இக்கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை. 1898-இல் முதலியார்பேட்டையில் தோன்றிப் பல்லாயிரவர்க்குச் சோறிட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு நூற்பாலை 2020-இல் மூடப்பட்டது. தறியோடு பழகிய கைக்கு நாற்பத்தைந்து வயதில் வேறொரு தொழிலைப் பழக்குவது எளிதன்று. நம் நாட்டில் 1950-இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் நடைபெற்று வருகின்றன. அவை செய்துள்ள நன்மை பெரிது. எனினும், ஓராண்டோ ஈராண்டோ பகற்பொழுது முழுவதையும் பயிற்சிக்கே ஒதுக்கக்கூடிய இளைஞர்க்கே அவை பெரிதும் பயன்படுகின்றன. அன்றாடக் கூலிக்குச் செல்பவனும், கைக்குழந்தையை விட்டு அகல முடியாத தாயும் அவ்வாயிலை எவ்வாறு மிதிப்பர்? அவர்கள் பயிற்சியை நாடிச் செல்ல இயலாதெனின், பயிற்சியே அவர்களை நாடிச் செல்ல வேண்டும். அதற்குரிய கருவிகள் இன்று நம்மிடம் உள்ளன.

ஆயினும், கருவி வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று எண்ணுதல் பிழை. இதனைப் புதுவையே முன்னர்க் கண்டறிந்தது. 1998-இல் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிற்றூர்களில் அறிவு மையங்களை நிறுவியது. எம்பலத்தில் கோயிலை ஒட்டிய இடத்திலேயே கணிப்பொறி வைக்கப்பட்டது. மையத்துக்கு ஊரார் இடம் தரவேண்டும். அவ்விடத்தில் எச்சாதியாரும் தடையின்றி நுழையவேண்டும் என்பதே நிறுவனத்தார் விதித்த நிபந்தனை. ஊர்ப்பெண்களே கணிப்பொறியைக் கற்று மையத்தை நடத்தினர். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலையுயர முன்னறிவிப்பை அவர்கள் தமிழில் எடுத்துரைக்க, வீராம்பட்டினத்து மீனவர் அதனை ஒலிபெருக்கியில் கேட்டுக் கடலுக்குச் சென்றனர். நல்லவாடு என்னும் ஊரில், 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் தெரிவித்த ஆழிப்பேரலை எச்சரிக்கையை அத்தகைய ஒலிபெருக்கியே அறிவித்து மக்களைக் காத்தது. கணிப்பொறியையே கண்டிராத பெண்கள் அதனை இயக்கக் கற்றது எத்துணைப் பெரிய தொழிற்பயிற்சி! அவர்கள் அதற்காக நகருக்குச் செல்லவில்லை என்பதை மறத்தலாகாது.

இதனினும் பெரிய அளவிலும் நாம் முயன்றிருக்கின்றோம். ஆப்பிரிக்க நாடுகளைச் செயற்கைக்கோளாலும் கடலடிக் கம்பியாலும் இணைத்து, நம் பல்கலைக்கழகப் பாடங்களை அங்கே அனுப்பலாம் என்று குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் 2004-இல் எடுத்துரைத்தார். 2009-இல் அவ்வமைப்பு தொடங்கிவைக்கப்பட்டது. விரிவுரை கடல் கடந்து செல்லும். ஆனால் இரும்பை அராவும் கையின் பக்குவம் அவ்வாறு செல்லுமா? இராசத்தானத்துத் திலோனியாவில், 1972-இல் தோன்றிய ஒரு கல்விநிலையம் வேறு வழியை மேற்கொண்டது. ஆப்பிரிக்கச் சிற்றூர்களிலிருந்து பேரப்பிள்ளை கண்ட பெண்களை வரவழைத்து, சூரிய ஒளி விளக்குகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் ஆறு திங்களில் பழக்கியது. அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். ஆசிரியர்க்கும் அவர்களுக்கும் பொதுமொழி இல்லை. வண்ணங்களும் சைகைகளுமே பாடநூலாயின!

ஆதலின், இரண்டையும் இணைப்பதே தக்கதென்பது என் கருத்து. மோட்டாருக்குக் காயில் கட்டும் முறையைக் கைப்பேசியில் பத்துமுறை பார்க்கலாம். ஆசிரியரைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு நாணுவோர்க்கு அது பேருதவி. ஆனால், கம்பியை எத்துணை இறுக்கிச் சுற்றவேண்டும் என்பதை விரல்தான் அறிய வேண்டும்.

ஊர்தோறும் கைப்பேசி இருக்க மையம் எதற்கு என்று கேட்பாரும் உளர். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் அது யார் சட்டைப்பையில் இருக்கின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். எல்லோரும் உறங்கிய பின்னரே அது அவ்வீட்டுப் பெண்ணின் கைக்கு வருமெனின், அவள் எப்போது கற்பாள்?

உப்பளம் போன்ற பகுதிகளில், எவரும் நுழையக்கூடிய ஒரு பொது இடத்தில், தமிழில் பாடம் காட்டும் திரையும், நான்கைந்து பணிமேசைகளும், தொழில் அறிந்த ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். முன்னாள் ஆலைத்தொழிலாளருள்ளேயே இத்தகைய ஆசிரியரைக் காணலாம். கூலிவேலை முடிந்து வருவோர்க்காக அதன் கதவு மாலை ஆறு மணிக்கு மேல் திறந்திருக்க வேண்டும்; தாய்மார்க்காகப் பக்கத்து அறையில் ஒரு தொட்டிலும் வேண்டும்.