நூறு நாள் வேலையும் சோம்பேறிப் பட்டமும்

நூறு நாள் வேலை வந்து விவசாயத்தைக் கெடுத்துவிட்டது. வயலுக்குக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் கூலி வாங்க ஜனங்கள் பழகிவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தப் பேச்சு கேட்காத டீக்கடை இல்லை. நிலம் வைத்திருப்பவர் சொல்கிறார். நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போனவரும் சொல்கிறார். வயலில் ஒரு நாளும் கால் வைக்காத அதிகாரியும் சொல்கிறார். இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால், இதற்கு ஆதாரம் கேட்கும் வழக்கமே அற்றுப்போய்விட்டது. இது பொய். அதைவிட, நிலமில்லாத பெண்கள் மேல் சுமத்தப்பட்ட அவதூறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாள் என்பது ஓர் ஆளுக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு. அந்த நூறும் முழுதாகக் கிடைத்த குடும்பங்கள் மிகக் குறைவு. நாடு முழுவதும் சராசரியாக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்து வந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 50 நாள்தான். 336 ரூபாயையும் குறையாமல் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 16,800 ரூபாய், மாதத்துக்கு 1,400 ரூபாய் வருகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மளிகைக்கே இது போதாது. மீதி 315 நாளும் அந்த வீட்டில் உள்ளவர்கள் வேறு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். மாதம் 1,400 ரூபாய் ஒரு குடும்பத்தைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று சொல்பவர்கள், அந்தப் பணத்தில் ஒரு மாதத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆண்களின் கூலியைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி தொகுத்து வெளியிடும் புள்ளிவிவரப்படி 2021-22இல் தமிழ்நாட்டில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி சுமார் 445 ரூபாய். அதே ஆண்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 273 ரூபாய். 445 ரூபாயை விட்டுவிட்டு 273 ரூபாய்க்கு மண்வெட்டி தூக்க யார் போவார்? பெரும்பாலான ஆண்கள் போகவில்லை என்பதே உண்மை. தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தின் மனித வேலைநாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையவை. ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் நிற்பவர்கள் கைம்பெண்கள், வயதானவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலைக்குள் வீடு திரும்ப வேண்டிய தாய்மார்கள்.

இந்தப் புகாரின் வேர் இங்கேதான் இருக்கிறது. நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை. அதற்கு ஆண் கூலியைவிடக் குறைந்த கூலியே காலங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. ஊரில் வேறு வேலை இல்லை, வெளியூர் போக வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. கொடுத்ததை வாங்கிக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. 2005இல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்டால் வேலை கொடுத்தாக வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுக்க வேண்டும் என்றது. அதன்படி நூறு நாள் வேலை 2006 பிப்ரவரியில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்களில் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2008இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து ஒரு பெண்ணால், “இந்தக் கூலிக்கு வர முடியாது” என்று சொல்ல முடிந்தது. அப்படிச் சொன்னதைத்தான் சோம்பேறித்தனம் என்கிறார்கள்.

ஆய்வாளர்கள் இந்தப் புகாரைச் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் என்ற இரு பொருளியலாளர்கள், திட்டம் முதலில் வந்த மாவட்டங்களையும் பின்னால் வந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசு வேலை பெரும்பாலும் கோடையில், வயலில் வேலை இல்லாத மாதங்களில்தான் நடந்தது என்று அதில் காட்டினார்கள். மழைக்காலத்தில், பயிர்வேலை நடக்கும் நேரத்தில், அது மிகக் குறைவு. அந்தக் கோடை மாதங்களில் தனியார் வேலைக்கான கூலி 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருந்தது. கூலி உயர்ந்தது உண்மை. நடவுக் காலத்தில் ஆளைப் பிடுங்கிக்கொண்டது என்பது உண்மையல்ல.

இதைவிட வலுவான சான்று பிரிக்கப்படாத ஆந்திரத்திலிருந்து வந்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற பொருளியலாளர்கள் மூவரும், மாவட்டங்களின் உட்பிரிவுகளான 157 மண்டலங்களில் ஆய்வு நடத்தினார்கள். எங்கே கூலிப் பட்டுவாடாவை ஸ்மார்ட் கார்டு மூலம் முதலில் சீர்செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். திட்டம் ஒழுங்காக நடந்த மண்டலங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் உயர்ந்தது. அந்த உயர்வில் 86 சதவீதம் அரசுக் கூலியிலிருந்து வரவில்லை, வெளிவேலையிலிருந்து வந்தது. வெளியில் கூலியும் உயர்ந்தது, வேலைக்குப் போனவர்களின் அளவும் உயர்ந்தது. அரசு வேலையை நன்றாக நடத்தினால் தனியார் வேலைக்கு ஆள் குறையும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அங்கே நேர்மாறாக நடந்தது. உலகின் முன்னணிப் பொருளியல் இதழ்களில் ஒன்றான ‘எகனாமெட்ரிகா’ இதை 2023இல் வெளியிட்டது. நம் ஊர் மேடைகளில் இதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

ஏழைக்குப் பணம் கொடுத்தால் உழைப்பை விட்டுவிடுவான் என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட நான்கு பேர் மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகரகுவா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய ஆறு நாடுகளின் ஏழு உதவித்தொகைத் திட்டங்களை ஆராய்ந்தார்கள். உதவி பெற்றவர்கள் உழைப்பைக் குறைத்துக்கொண்டதற்கு அவர்களுக்கு எங்கும் சீரான சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது பொய்யா? இல்லை, அந்தத் தட்டுப்பாடு உண்மை. ஆனால் அதற்குக் காரணம் வேறு. திருப்பூர் பின்னலாடை, கோவையின் பட்டறைகள், சென்னையின் கட்டட வேலை, கேரளம், வளைகுடா என்று ஆண்கள் ஊரை விட்டுப் போகத் தொடங்கியது இந்தச் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்த கிராமங்களில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அதே ஊருக்குப் போய் மறுபடி ஆராய்ந்தார்கள். நிலக்கிழாரிடம் கட்டுப்பட்டுக் கிடந்த உழைப்பாளிகள் எப்படி மெல்ல விடுபட்டார்கள் என்பதே அவர்கள் எழுதியதன் சாரம். வெளிவேலை, ரேஷன் அரிசி, நலத்திட்டங்கள் எல்லாம் சேர்ந்து செய்த மாற்றம் அது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நூறு நாள் வேலை மீது போடும் பழிக்கு இடம் தரவில்லை. 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடியது. சொந்தமாகப் பயிர் செய்வோர் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்தார்கள். நூறு நாள் வேலை வந்த அதே பத்தாண்டில் வயலை விட்டு வெளியேறியவர்கள் கூலிக்காரர்கள் அல்ல, விவசாயிகள். அவர்களை வெளியேற்றியது எது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் நெல் விலை, நீர், கடன் என்று பதில்கள் வரும், அரசு பதில் சொல்ல வேண்டியிருக்கும். கூலிக்காரியைத் திட்டுவது எளிது.

சிறு விவசாயியின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. உரம், டீசல், கூலி எல்லாம் ஏறும்போது நெல்லின் விலையை மட்டும் அவரால் ஏற்ற முடியாது, அதைத் தீர்மானிப்பது டெல்லி. அவருடைய இழப்பு உண்மையானது. ஆனால் அதை ஈடுகட்ட வேண்டியவர் அவரைவிட ஏழையான பக்கத்துத் தெருப் பெண் அல்ல. சொல்லப்போனால் இந்தச் சிறு விவசாயிகளில் பலர் வீட்டிலேயே வேலை அட்டை இருக்கிறது. அவர்கள் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டவும் வரப்பு போடவும் இந்தத் திட்டத்திலேயே வழி இருந்தது. கூலி கேட்பவரைக் குற்றவாளியாக்கும் பழக்கம் இந்த மண்ணில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது ஒரு கூலித் தகராறு.

திட்டத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வராதவர்களுக்கு வருகை போட்டதும், இயந்திரத்தை விட்டு வேலையை முடித்துவிட்டு ஆள்கணக்கு எழுதியதும் சமூகத் தணிக்கைகளில் வெளிவந்திருக்கின்றன. வெட்டிய குளம் அடுத்த மழையில் தூர்ந்துபோன ஊர்களும் உண்டு. இவை மேற்பார்வையின் குற்றம். வேலையைத் திட்டமிட வேண்டியவர்கள் திட்டமிடாமல் விட்டதற்கு, வெயிலில் வந்து நின்ற கிழவியைச் சோம்பேறி என்பது என்ன நியாயம்? வேலை முடித்தவர்களுக்குப் பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றது சட்டம். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கூலி பாக்கி இருந்தது. உழைத்தவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அதற்காக யாருக்கும் யாரும் பட்டம் சூட்டவில்லை.

கொரோனா ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2020-21இல் நாடு முழுவதும் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் இந்த வேலைக்கு வந்தன. நகரம் கைவிட்டபோது வந்தார்கள், நிலைமை சீரானதும் எண்ணிக்கை இறங்கியது. பழக்கதோஷத்தில் வருபவர்களின் கணக்கு இப்படி ஏறி இறங்காது.

இத்தனைக்குப் பிறகும் அந்த அவதூறு சட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை மாற்றிப் புதியது ஒன்றை நிறைவேற்றியது. 100 நாளை 125 ஆக உயர்த்தியிருக்கிறோம் என்கிறார்கள். ஆனால் விதைப்பும் அறுவடையும் நடக்கும் பருவத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வேலை கிடையாது என்ற பிரிவும் அதில் இருக்கிறது. காவிரி டெல்டாவில் அறுவடையை இயந்திரம் செய்கிறது. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து குழுக்கள் ஒப்பந்தத்துக்கு வருகின்றன. அந்த 60 நாளில் உள்ளூர்ப் பெண்ணுக்கு வயலிலும் வேலை இருக்காது, ஏரியிலும் வேலை இருக்காது. வயலில் வேலை கிடைக்கும் ஊரிலோ, கொடுத்த கூலியை வாங்கிக்கொள்ள வேண்டிய பழைய நிலைக்கே அவள் திரும்புவாள்.

தமிழ்நாட்டின் கட்சிகள் இந்தச் சட்டத்தை எதிர்க்கும்போது நிதிப் பங்கீட்டைப் பற்றிப் பேசுகின்றன. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 40 சதவீதச் சுமையை ஏற்க வேண்டும் என்பது பேச வேண்டியதுதான். ஆனால் அந்த 60 நாள் பிரிவைப் பற்றியும் அதே குரலில் பேச வேண்டும். அதை நீக்கச் சொல்லுங்கள். பாக்கிக் கூலியை வட்டியோடு கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் கிராமசபையில் வேலை கேட்டு ஒரு பெண் எழுந்து நின்றால், அவள் பக்கம் நில்லுங்கள்.