பெட்டியில்லாத இயந்திரம்

பழைய மாதிரிப் புகையிரதங்களைச் சேகரிப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்தைப் பார்க்குமுன் அது வந்த அட்டைப்பெட்டியைப் பார்ப்பார்கள். பெட்டி கிழியாதிருந்தால் விலை ஏறும். சில்லில் தேய்மானம் தெரிந்தால் விலை இறங்கும். புகையிரதம் ஓடியது குற்றமாகிவிடுகிறது. இதனை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரித்தானியாவின் ட்ரையாங் நிறுவனம் 1957 இல் 'ரி.ரி.' என்ற சிறிய அளவில் மாதிரிகளை வெளியிட்டது. அசலின் ஓரடி இங்கே 3 மில்லிமீற்றர். அறுபதுகளிலேயே உற்பத்தி நின்றது. அத்துடன் அந்த அளவு மறைந்திருக்க வேண்டும். ஆனால் ஆர்வலர்கள் 1965 இல் 'மூன்று மில்லிமீற்றர் சங்கம்' அமைத்தனர். கடையில் கிடைக்காதவற்றைத் தாமே செய்தனர். ட்ரையாங் தண்டவாளத்தின் இடைவெளி 12 மில்லிமீற்றர். கணக்கின்படி அது 14 இற்குச் சற்று மேல் இருக்க வேண்டும். பிடிவாதக்காரர்கள் சில்லுகளைக் கழற்றி, அச்சை நீட்டி, தண்டவாளத்தையும் புதிதாக இட்டனர். பெட்டிப் பிரியர்களின் கண்ணில் இவர்கள் பழம்பொருளைக் கெடுத்தவர்கள். அந்த அளவு உயிர் தப்பியதோ இவர்களால்தான்.

இதில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. இலங்கையின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். மூன்றால் பெருக்கிப் பாருங்கள்: 16.5 மில்லிமீற்றர். உலகெங்கும் மிகச் சாதாரணமாக விற்கப்படும் மாதிரித் தண்டவாளத்தின் இடைவெளி அதுவே! ஆங்கிலேயரின் பாதைக்கே சரிவராத கணக்கு எமது பாதைக்கு மயிரிழையும் பிசகாமல் பொருந்துகிறது.

அப்படியாயின், 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை நாம் ஏன் இந்த அளவில் செய்யக்கூடாது? 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டன. 2014 இல் மீண்டும் புகையிரதம் வந்தது புதிய பாதையில். பழைய நிலையங்களில் கைகாட்டி எந்தப் பக்கம் நின்றது, தண்ணீர்த் தாங்கி எங்கிருந்தது என்று சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற ஊழியர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒரு கொப்பியுடன் அவர்களிடம் போகவேண்டும், அதுவும் இப்போதே. மாதிரி செய்பவனுக்குத்தான் இத்தகைய கேள்விகள் எழும். பெட்டியைப் பூட்டி வைப்பவனுக்கு எழா.

என்னிடமும் ட்ரையாங்கின் சிறிய தாங்கி இயந்திரம் ஒன்று உண்டு. பெட்டி இல்லை, வர்ணம் உதிர்ந்துவிட்டது. ஞாயிறு காலைகளில் மேசையைச் சுற்றி ஓடுகிறது.