உடைந்தது கத்திதான்!



தென் ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில், 1905ம் ஆண்டு, 3,106 காரட் வைரம் கிடைத்தது. 'கல்லினன்' என்று பெயர். எடை, அரைக் கிலோவுக்கும் அதிகம்!

1908ல், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அதைப் பிளந்தார், ஜோசப் ஆஸ்சர். வைரம் கடினமானதுதான், ஆனால், தவறான இடத்தில் அடித்தால் சிதறி விடும். அதனால், பள்ளம் கீறவே, 4 நாட்கள் ஆயின. பின், கத்தியை வைத்து ஓங்கி அடித்தார். கத்தி உடைந்தது! மனம் தளராமல், வேறு கத்தியால் அடித்தார், நினைத்தபடியே பிளந்தது.

பிறகு மூவர், தினமும் 14 மணி நேரம் என, 8 மாதங்கள் பட்டை தீட்டினர். 9 பெரிய வைரங்களும், 96 சிறியவையும் கிடைத்தன. மிகப் பெரியது, 530 காரட்!

கணக்கு வரவில்லை என்று நோட்டைக் கிழிக்கும் முன், ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள்... முதல் அடியில் உடைந்தது கத்திதான், வைரமல்ல!