வேகத்தை வாங்கும் முன்

கூடத்தில் ஒரு கணினியில் அலுவலகக் கூட்டம், உள்ளறையில் மற்றொன்றில் பிள்ளையின் இணைய வகுப்பு. இரண்டும் சேர்ந்து ஓடத் தொடங்கினால் முகங்கள் உறைகின்றன, குரல் அறுபடுகிறது. மறுநாளே பெரிய பிளானுக்கு மாறுவதைப் பற்றியோ இரண்டாவது இணைப்பு போடுவதைப் பற்றியோ வீட்டில் பேச்சு எழுகிறது. கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். பல வீடுகளில் வாசல் வரை வரும் வேகம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதை வீட்டுக்குள் பங்கிடும் விதத்தில்தான் கோளாறு. செலவழிப்பதானால் அங்கே செலவழிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். தெளிவான படத்தோடு நடக்கும் ஒரு காணொளி அழைப்புக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் போதும். இரண்டு கணினிக்கு 8. இடையில் யாராவது தொலைக்காட்சியில் ஒரு படம் ஓட்டினால் இன்னொரு 5. மொத்தம் 13, சாதாரணமான 40 எம்பிபிஎஸ் பிளானில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே இணைப்பைப் பலர் பகிர்வதே ஒட்டுவேலை என்ற எண்ணமும் சரியில்லை. பழைய முறையில் இணைய முகவரிகள் சுமார் 430 கோடிதான் சாத்தியம். உலகத்துக்கு அது போதாது என்று தெரிந்ததால், ஒரே வெளிமுகவரியைப் பல கணினிகள் பகிரும் முறை 1994லேயே வகுக்கப்பட்டது. வீட்டு ரூட்டர் ஒவ்வொரு கணினிக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி தருவது அந்த வழியில்தான். இரண்டு கணினிகள் அதற்கு ஒரு பாரமே இல்லை.

பிறகு வேகம் எங்கே போகிறது? முதலில் காற்றில். வைஃபையில் ஒரு அலைத்தடத்தில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். இரண்டு சுவர் தாண்டி இருக்கும் கணினிக்கு அலை மெலிந்து போவதால் அது மெதுவாகப் பேசுகிறது. அதே தகவலை அனுப்ப அதிக நேரம் எடுக்கிறது. அதுவரை ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியும் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்றின் பலவீனம் இரண்டையும் தண்டிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. அடுக்குமாடியில் அவற்றை அண்டை வீடுகளோடும் பங்கிட்டாக வேண்டும். நம் வீடுகளில் ரூட்டரோ, கேபிள் நுழையும் மூலையில், பரணுக்குக் கீழே மாட்டப்பட்டிருக்கிறது. அதை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு கணினியை லேன் கேபிளில் இணைத்தால், காற்று முழுவதும் மற்றதற்குக் கிடைக்கும். கேட் 5இ வகை லேன் கேபிள் 100 மீட்டர் வரை 1,000 எம்பிபிஎஸ் தாங்கும்.

இரண்டாவது, வரிசை. ஒரு கணினி தன் புகைப்படங்களை எல்லாம் மொத்தமாக மேலேற்றும்போது ரூட்டரில் நீண்ட வரிசை சேர்கிறது. அழைப்பின் சிறிய குரல்துண்டுகள் அதன் கடைசியில் போய் நிற்கின்றன. அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த சிக்கல் இது. வரிசையை நியாயமாகப் பிரிக்கும் வசதி சில ரூட்டர்களில் உண்டு. இல்லாவிட்டால் மேலேற்றத்தை இரவுக்குத் தள்ளிவைத்தாலே போதும்.

பெரிய பிளானுக்குக் கூடுதல் செலவு கொஞ்சம்தானே என்று கேட்கலாம். கொஞ்சம்தான், ஆனால் மாதாமாதம். மெலிந்த அலையை அது ஒரு அடிகூட நீட்டாது. வாடகை வீட்டில் வயர் இழுக்க முடியாது என்பார்கள். சுவரைத் துளைக்காமல் தரையோரமாகக் கேபிளை ஒட்டிவிடலாம். அதுவும் ஆகாதென்றால் ரூட்டரின் இடத்தையாவது மாற்றலாம். இணைப்பு அறுந்தால் வேலையே நின்றுவிடும் என்பவர்களுக்கு, வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது இணைப்பு நியாயமான செலவுதான். அது காப்புக்காக வாங்குவது. வேகத்துக்கு மருந்தாக அதை வாங்க வேண்டாம்.

எது உண்மை என்று அறிய ஒரு சோதனை போதும். மடிக்கணினியை லேன் கேபிளில் நேராக ரூட்டரோடு இணைத்து வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, வழக்கமாக உட்காரும் அறையில் வைஃபையில் அளந்து பாருங்கள். ரூட்டரிடமே வேகம் குறைந்தால் நிறுவனத்திடம் உரிமையோடு புகார் கொடுங்கள். அங்கே நிறைந்தும் அறையில் குறைந்தும் இருந்தால், பெரிய பிளானுக்குத் தரவிருந்த முதல் மாதப் பணத்தில் ஒரு கேபிள் வாங்குங்கள்.