சேர்ந்து சாப்பிட ஒரு கடை

பயண வீடியோக்களைக் கேலி செய்யாத முற்போக்குத் தோழர்கள் குறைவு. கணவனும் மனைவியும் பாங்காக்கில் தேள் வறுவல் தின்கிறார்கள், இஸ்தான்புல் சந்துகளில் கைகோத்து நடக்கிறார்கள். 'காசுக் கொழுப்பு' என்று தள்ளிவிட்டுப் போகிறோம். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், போன வருடம் பினாங்கு போகும்வரை.

கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போனேன். என் டிக்கெட்டை அவர்கள் கொடுத்தார்கள். இணையரின் டிக்கெட்டுக்குச் சீட்டு எடுத்தோம். கருத்தரங்கம் ஒரு நாள், ஜார்ஜ் டவுனைச் சுற்றியது மூன்று நாள். காலையில் நாசி கண்டார். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சோறும் குழம்பும் அது. இரவில் நடைபாதைக் கடைகள். ஒரு கடையில் வறுத்த குய் தியாவ், இன்னொரு கடையில் அசாம் லக்சா வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத சீனக் குடும்பத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்தோம். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மலேசியாவில் சாதியே இல்லை என்று கதைவிடப் போவதில்லை. அங்குள்ள தமிழர்களிடம் கல்யாணப் பேச்சை எடுத்துப் பாருங்கள், வெளியே வரும். ஆனால் அந்த மேசையில் நாங்கள் வெறும் புருசன் பெண்டாட்டி.

எங்கள் ஊர் மண்டகப்பட்டு பக்கம். நான் காலனி, அவர் ஊர்த்தெரு. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. ஊர் டீக்கடையில் இருவரும் சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை. காதலித்த காலத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது மகேந்திரவர்மனின் குடைவரையில் மட்டும்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு எடுத்தது என்று கல்வெட்டே சொல்லும் ஏழாம் நூற்றாண்டுக் கோயில். இன்று மூன்று கருவறையும் காலி. சாமி இல்லாததால் யாரும் போகலாம். சாமி இருக்கும் இடத்தின் கதையை இதே மாவட்டத்து மேல்பாதியில் பார்த்தோம். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள்.

ஊர் சுற்றுவது அற்ப ஆசை என்பவர்கள் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலைத் திறக்கட்டும். 1934-இல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனவர், வாசல் குளத்தில் கைகால் கழுவியதற்காகச் சூழ்ந்துகொள்ளப்பட்டார். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த மனிதர்! 2016 மார்ச் 13 அன்று சங்கரும் கௌசல்யாவும் உடுமலைப்பேட்டைக் கடைவீதிக்குத் துணி வாங்கத்தான் போனார்கள். பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே, சங்கரை வெட்டிக் கொன்றார்கள். இரண்டு பேர் ஒரு டவுனில் சேர்ந்து நடப்பதற்கு இந்த நாட்டில் என்ன விலை என்று அன்று பார்த்தோம்.

ஆகவே எனக்கு அந்த வீடியோ தம்பதிகள் மீது கோபம் இல்லை. தேளை 'அனுபவம்' என்று ருசிப்பவர்கள் விழுப்புரத்தில் மாட்டுக்கறி வறுவல் விற்கும் தள்ளுவண்டிப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லையே என்ற வருத்தம் உண்டு. சமையல்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு போய், வெளியூர்ப் பருக்கை நாவில் படாமல் ஐரோப்பா சுற்றிவரும் 'சுத்த சைவ' டூர்க் கூட்டத்தை என்ன சொல்ல? தீட்டுக்கும் பாஸ்போர்ட் எடுத்தவர்கள்.

பினாங்கில் கடைசி இரவு, இணையர் லக்சா கிண்ணத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். நான்கு வருடமாகப் பேசாத தங்கையிடமிருந்து பத்து நிமிடத்தில் ஒரு செய்தி.

"அக்கா, அது மீன் கொழம்பா? புளி போடுவாங்களா?"

போடுவார்கள் என்று எழுதினார். அந்தப் பக்கம் வெகுநேரம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. தங்கை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வாய்க்கால்.