தவிப்புக்கும் மருந்து உண்டு

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர், மலைக்குப் போய்த் திரும்பிய வாரத்திலேயே பழையபடி குடிக்கத் தொடங்குவதை மதுரைப் பக்கம் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். "சாமிக்காக விட்ட மனுஷனுக்குப் பிள்ளைகளுக்காக விட முடியாதா?" என்று மனைவி கேட்பார். அந்தக் கேள்வியிலுள்ள வேதனை உண்மையானது. ஆனால் பாசம் இல்லை என்று முடிவுகட்டினால், உள்ளே நடப்பது நம் கண்ணில் படாமலே போய்விடும்.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் ஒரு சிறு கூட்டமாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள வேறு சில அணுக்கள் காபா என்னும் வேதிப்பொருளைச் சுரந்து அவற்றை எந்நேரமும் அடக்கிவைக்கின்றன. மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகள் ஒட்டும் ஏற்பிகள் இந்தக் காவல் அணுக்களின் மேல்தான் நிறைய உள்ளன. மார்ஃபின் அங்கே ஒட்டியதும் காவல் தளர்கிறது, டோபமைன் பீறிடுகிறது. எலி மூளைத் துண்டுகளில் இதை 1992-ல் ஸ்டீவன் ஜான்சனும் ஆலன் நார்த்தும் காட்டினார்கள். மது நேராக அந்த ஏற்பியில் ஒட்டுவதில்லை. மூளை தனக்கென வைத்திருக்கும் ஓபியாய்டான எண்டார்ஃபினை அது சுரக்கவைக்கிறது. எண்டார்ஃபின் போய் அதே ஏற்பியைத் தொடுகிறது.

ஓபியாய்டுக்கும் டோபமைனுக்கும் வேலை வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்துப் பார்த்தார். நாக்கில் சர்க்கரை வைத்தால் அவை அப்போதும் ரசித்தன. தாமாகத் தேடிப் போய்த் தின்ன மட்டும் கிளம்பவில்லை. ரசிப்பில் ஓபியாய்டுக்குப் பெரிய பங்கு. தவிப்பு டோபமைனின் வேலை. நாள்பட்ட குடியில் ரசிப்பு தேய்கிறது, தவிப்பு வளர்கிறது. "இப்பல்லாம் ஏறவே மாட்டேங்குது, ஆனா ஆறு மணியானா கால் தானா அங்க போகுது" என்று குடிநோயாளிகள் சொல்வது அப்பட்டமான மருத்துவ உண்மை.

டோபமைன் கற்றுக்கொள்ளவும் செய்யும். பழகிய பிறகு அது பொங்குவது பொருள் வாயில் பட்டதும் அல்ல, அதற்கான அறிகுறி தெரிந்ததும்தான் என்பதைக் குரங்குகளிடம் கண்டவர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். சம்பளக் கவர், கூட்டாளியின் பைக் சத்தம், பார் வாசலில் முட்டை பொரியும் வாசனை, இவை போதும். மாலை போட்டவருக்கு இவை அத்தனையும் ஒரே நாளில் அறுந்துபோகின்றன. விடியுமுன் குளியல், மரக்கறிச் சாப்பாடு, சாயங்காலம் பஜனை. நேற்றுவரை "வாடா மச்சான்" என்றவன் இன்று "சாமி" என்று ஒதுங்கி நிற்கிறான். நம் ஊர் கண்ட அருமையான சிகிச்சை இது என்றே சொல்வேன். மாலை கழன்றதும் எல்லா அறிகுறிகளும் ஒருசேரத் திரும்பிவிடுகின்றன. மூளையின் பழைய பாடம் 48 நாளில் அழிவதில்லை. (தினமும் அதிகம் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் சட்டென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடுமுன் இதை யாராவது சொல்ல வேண்டும்.)

ஓபியாய்டு வகை வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் நிலைமை இன்னும் கொடியது. சிலகாலம் நிறுத்தியிருந்தால் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். மீண்டும் பழைய அளவையே ஏற்றினால், மூச்சை நடத்தும் மூளைத்தண்டின் ஓபியாய்டு ஏற்பிகள் மூச்சையே நிறுத்திவிடும்.

குடிக்குத் திரும்புவோம். நால்ட்ரெக்சோன், ஓபியாய்டு ஏற்பியை அடைத்துக்கொள்ளும் மாத்திரை. குடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது, தவிப்பும் பலருக்குத் தணியும். மதுநோய்க்கு 1994-லேயே அமெரிக்கா அனுமதித்தது, இந்தியாவிலும் கிடைக்கிறது. ஆனால், 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருந்தது.

மதுரை கே.கே. நகரில் மருத்துவமனைக்கும் மருந்துக்கடைக்கும் குறைவில்லை; மனநலத்துக்காக 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இங்கேதான். உசிலம்பட்டியிலிருந்து வரும் கொத்தனாருக்கோ ஒவ்வொரு வருகையும் ஒருநாள் கூலி. முதல் மாதம் வருவார், மூன்றாம் மாதம் வரமாட்டார். மாதக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சை அங்கேதான் அறுகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்க்கும் தமிழக அரசு, அந்தத் திட்டத்தின் மருந்துப் பையில் நால்ட்ரெக்சோனையும் சேர்க்கக் கடமைப்பட்டது. வட்டத்துக்கு வட்டம் முகாம் போடும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் கல்லீரலைச் சோதித்து, உடம்பில் ஓபியாய்டு மிச்சமில்லை என்று பார்த்து, மருந்தைத் தொடங்கிவைக்கட்டும். மாதாமாதம் அதை உசிலம்பட்டியிலேயே செவிலியர் கொடுக்கலாம்.