திருகாணி இல்லாத பெட்டி!

ஜவ்வாது மலையில் சாமை அறுத்து, புளி உலுக்கி, மீதி நாளில் கூலிக்குக் கீழ்நாடு இறங்கி ஒரு குடும்பம் பத்தாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பது என்றால் என்ன என்பதைக் கைப்பேசிக் கம்பெனிக்காரர்கள் அறியமாட்டார்கள். அந்தப் பணத்தைக் கொட்டி வாங்கிய போன் மூன்றாவது வருஷம் முதுகு வீங்கிப் படுத்துவிடுகிறது. செத்தது பேட்டரி ஒன்றுதான். மற்ற உறுப்பெல்லாம் உயிரோடு இருக்கின்றன. ஆனால் பெட்டியைத் திறக்க வழியில்லை. திருகாணியே கிடையாது, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறிப் போளூருக்குக் கொண்டுபோனால், "இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று பதில் கிடைக்கிறது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போனதுதான் மிச்சம்.

பழைய பட்டன் போனின் பின்மூடியை நகத்தால் நெம்பினால் கழன்றுவரும். செத்த பேட்டரியை எடுத்துவிட்டுச் சந்தையில் வாங்கியதைப் போடலாம். எட்டு வயதுப் பிள்ளை செய்த காரியம் அது. விஞ்ஞானம் வளர வளர இந்த வசதியும் வளர்ந்திருக்க வேண்டாமா? பறித்துக்கொண்டார்கள்! கேட்டால், தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டினோம் என்கிறார்கள். தண்ணீர் புகாத கைக்கடிகாரத்துக்கு ஒரு ரப்பர் வளையமும் நாலு திருகாணியும் போதவில்லையா?

மில் தொழிலாளிகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ரிங் பிரேமில் ஸ்பிண்டில் தேய்ந்தால் பிட்டர் கழற்றி வேறு மாட்டுகிறார், மிஷின் ஓடுகிறது. ஒரு ஸ்பிண்டில் போனால் மிஷினையே தூக்கி எறி என்று சொல்லும் கம்பெனியிடம் எந்த மில் முதலாளியாவது மிஷின் வாங்குவாரா? உதிரிப் பாகத்துக்கு வழி தெரியாமல் அவர் செக்கில் கையெழுத்துப் போடமாட்டார். முதலாளி முதலாளிக்கு விற்கும் மிஷினில் திருகாணி இருக்கிறது. தொழிலாளிக்கு விற்கும் பெட்டியில்தான் பசை!

சூழ்ச்சி ஒன்றும் புதிதல்ல. 1924ஆம் வருஷம் ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பல்பு கம்பெனிகள் ஜெனிவாவில் கூடி 'பீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. 1,500 மணி, 2,000 மணி எரிந்துகொண்டிருந்த பல்பு இனி 1,000 மணிக்கு மேல் எரியலாகாது என்று தீர்மானித்தன. சோதனைச்சாலையில் எரியவிட்டுப் பார்த்து, நீண்ட நேரம் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். நல்ல சரக்குச் செய்த குற்றத்துக்கு அபராதம்! அந்த வம்சத்தின் வாரிசுகள் இன்று மென்பொருளில் கைவைக்கிறார்கள். பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் கம்பெனி 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த போன் திடீரென்று அணையாமலிருக்கவே செய்தோம் என்றது. அப்படியானால் பேட்டரியை மாற்றினால் போதுமென்று வாங்கியவரிடம் சொல்லியிருக்கலாமே! இதைச் சொல்லாமல் மறைத்ததற்காக 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் நாட்டு அதிகாரிகள் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தனர்.

போன் கெட்டால் என்ன, பேசாமல் இருக்கட்டுமே என்று சொல்லும் கனவான்களும் உண்டு. தனிநபர் வேலைகள் நீங்கலாக, நூறு நாள் வேலைத் தளங்கள் அனைத்திலும் தினம் இரண்டு தடவை கைப்பேசிச் செயலியில் படம் பிடித்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது மத்திய சர்க்கார். அந்தப் போனைச் சர்க்காரா வாங்கிக் கொடுத்தது? சிக்னலைத் தேடிப் பாறை ஏறும் ஊரில், போனும் படுத்துவிட்டால் வெட்டிய மண்ணுக்குக் கூலி எங்கே? இதில் ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒரு முறை. நமக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், கம்பெனிக்குப் பதின்மூன்று!

இத்தனைக்கும் நம் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. அணைந்துபோன எல்.இ.டி. பல்பைக் குப்பையில் எறியாமல் மூடியை நெம்பித் திறக்கிறார்கள். உள்ளே மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒரு பொட்டு கருகினால் மின்னோட்டம் அறுந்து மொத்தமும் அணைந்துவிடும். கருகிய பொட்டின் இரு முனையையும் ஈயப் பற்றால் இணைத்தால் பல்பு மறுபடி எரிகிறது. சாசுவதமாக அல்ல, இன்னும் சில காலத்துக்கு. செத்த மடிக்கணினியின் பேட்டரியைப் பிரித்தால் ஆறு செல்லில் ஒன்றிரண்டுதான் கெட்டிருக்கும். நல்லது டார்ச் விளக்குக்குப் போகிறது. முனை உரசினால் தீப்பிடிக்கும் ஆபத்தான வேலை அது. முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்தக் காலத்து வால்வு ரேடியோவின் உள்ளே சர்க்யூட் படத்தையே ஒட்டி விற்றார்கள். இன்று அது கம்பெனி ரகசியமாம்!

இதே மலையின் மறுபக்கம் காவலூரில் வானாய்வு நிலையம் இருக்கிறது. 1968இல் அங்கே முதன்முதல் நிறுத்திய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, விஞ்ஞானி வைணு பாப்பு கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் கொல்லைப்புறத்தில் செய்வித்தது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் ஜேனா நகரத்துத் தொழிலாளர் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களுக்குச் சாட்சி சொன்ன கருவிகளில் அதுவும் ஒன்று. 2022 டிசம்பரில் அதற்கு ஐம்பதாண்டு விழாவே நடத்தினார்கள்! தேய்ந்ததை மாற்றி, புதுக் கருவிகளைப் பொருத்தி அதை ஓட்டி வருகிறார்கள். கழற்றிப் பூட்டத் தகுந்த மிஷின் அது. நம் போனுக்கு மட்டும் ஏன் மூன்று வருஷ ஆயுள்?

பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு குழு போட்டது. அவ்வருஷம் டிசம்பர் 24ஆம் தேதி ஒரு வலைத்தளமும் திறந்தது. சட்டம் வந்தபாடில்லை. ஐரோப்பாவிலோ, வாங்கியவரே கழற்றி மாற்றும்படி கைப்பேசியின் பேட்டரி இருந்தாக வேண்டும் என்று 2023இல் விதி செய்து, 2027 பிப்ரவரியிலிருந்து அமலாகும் என்று தேதியும் குறித்துவிட்டார்கள். அங்கே போட முடிந்த திருகாணியை இங்கே போட முடியாதா? பேட்டரி கழல வேண்டும். உதிரிப் பாகமும் சர்க்யூட் படமும் பத்து வருஷத்துக்குக் கிடைக்க வேண்டும். விலையைக் கடை வாசலில் எழுதிப் போட வேண்டும். இவற்றைச் சட்டமாக்கு என்று கேட்கிறோம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வாங்கிய ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழுதுபார்க்க என்ன கேட்டார்கள், பாகம் இல்லையென்று யார் சொன்னார்கள் என்பதைக் கடைக்காரரிடமே எழுதி வாங்கிக்கொண்டு, செத்த போனோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள். மனு எழுதித் தருகிறோம்.